தைத்துப் போட்ட மடக்கு சைக்கிள்

தையல் மெஷின் ரிப்பேரைக் கைவேலை என்று நினைப்பவர்கள் அந்த வேலையைப் பார்த்ததே இல்லை. அது முழுக்கக் கால்வேலை. ஊர் ஊராய் அலைந்து வயிறு வளர்த்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஐம்பதுகளில் கம்பெனி எனக்குக் கொடுத்த ஏரியா செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரை. பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடும். மேனேஜரோ, "மூணு மாசம் டயம். ஏரியாவைச் சுத்தி முடிக்கலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றுவிட்டார். வீட்டில் மனைவி முழுகாமல் இருந்தாள். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடைகளுக்கு ஓடினேன். யுத்தத்தில் சிப்பாய்கள் ஓட்டிய மடக்கு சைக்கிள் ஒன்று கிடைத்தது. நடுவில் கீல், மேலும் கீழும் விரலால் திருகுகிற, காது வைத்த இரண்டு நட்டு. தளர்த்தினால் இரண்டாக மடங்கும். செங்கல்பட்டுக்கு ரயிலில் போகும்போது சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

கேட்டில் ஒரு வழக்கு

செங்கல்பட்டு ஸ்டேஷன் கேட்டில் ஒரு டிக்கெட் கலெக்டர். கறுப்புக் கோட்டு, எப்போதும் எரிச்சல். முதல் நாளே மறித்து, "சைக்கிளுக்கு லக்கேஜ் டிக்கெட் எங்கே?" என்றார். "சைக்கிள் இல்லை சார், சாமான்" என்று மடித்ததைத் தூக்கிக் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மணியைக்கூட அடித்துப் பார்த்தார்.

"மடிச்சா சாமான், விரிச்சா சைக்கிள். என் பிளாட்பாரத்துல விரிச்சே, தொலைஞ்சே!"

புல்லுக்கட்டுக்காரி

திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு டெய்லர் கடை. வாசலில் நிறுத்த இடமில்லாமல் சைக்கிளை மடித்தேன். புல்லுக்கட்டோடு போன அம்மாள் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். எனக்கு அடி பட்டிருக்கிறதா என்று தோளைத் தொட்டுப் பார்த்தாள். விளக்கினேன், நம்பவில்லை.

"இன்னா நைனா, வண்டி ரெண்டா ஒடஞ்சி கீது, நீ சிரிச்சிகினு நிக்கிறியே!"

மகாபலிபுரத்தில் மாட்டிக்கொண்டேன்

மூன்று மாதத்தின் கடைசி நாள். சாயங்காலம் நாலு மணிக்கு மெட்ராஸ் ஆபீஸில் மேனேஜர் முன்னால் நிற்க வேண்டும். பாக்கி இருந்தது மகாபலிபுரத்து டெய்லர் ஏகாம்பரம் ஒருவர்தான். காலையில் போனால், மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் ஒரு கல்யாணம். பெண்ணின் ரவிக்கைகள் வெட்டியபடி கிடக்கின்றன. மெஷினின் மிதியைச் சக்கரத்தோடு சேர்க்கிற தண்டு, நட்டின் மரை தேய்ந்து கழன்று ஆடுகிறது. என் பையில் அந்த அளவு நட்டு இல்லை. என் கண் சைக்கிள் மேல் போனது. பாழாய்ப்போன மனசு! சைக்கிளின் மேல் நட்டைக் கழற்றி மெஷினில் போட்டேன். கச்சிதமாய்ப் பொருந்தி, மெஷின் ஓட ஆரம்பித்தது.

பிறகுதான் உறைத்தது, செங்கல்பட்டு பதினெட்டு மைல் என்று. ஒற்றை நட்டோடு ஏறினால் சைக்கிள் நடுவில் நெளிகிறது. ஏகாம்பரம் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய சிவப்புத் துண்டை முறுக்கி, கீலைச் சுற்றி இறுக்கி, கோணி ஊசியால் தைத்தே விட்டார்.

"போ அண்ணாத்த, என் தையலு பிரியாது. நீ பள்ளத்துல மட்டும் வுடாதே."

மறுபடியும் அதே கேட்டு

தையல் பிரியவில்லை. அதுதான் வினை! ஒன்றரை மணி வண்டி ஊதிவிட்டது. தையலைப் பிரிக்க நேரமில்லை, சைக்கிள் மடங்க மாட்டேன் என்கிறது. கேட்டில் அதே கறுப்புக் கோட்டு. லக்கேஜ் டிக்கெட் வாங்கிவந்தால் வண்டி போய்விடும். வண்டி போனால் வேலை போய்விடும். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். மனிதர் குனிந்து தையலைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து கேட்டை விட்டு விலகினார்.

"மடிச்சதுக்கு ரூல் இருக்கு, விரிச்சதுக்கு ரூல் இருக்கு. தைச்சதுக்கு ஒரு ரூலும் இல்ல. ஏறித் தொலை!"

நாலு மணிக்கு

ஆபீஸுக்குள் சைக்கிளோடு நுழைந்தேன். நாலு அடிக்க ஐந்து நிமிஷம். மேனேஜர் கதையைக் கேட்டார், சிவப்புத் துணியைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேலை உனக்குத்தான். ஆனா சைக்கிள் நட்டு நம்ம மெஷினுக்குச் சேரும்னு வெளியில மூச்சு விடாதே, அப்புறம் நம்ம நட்டை எவன் வாங்குவான்!"

ஆகவே, கூட்டாளிகளே, மடக்கு சைக்கிளை வாங்கிவிட்டு, அந்தத் தையலைப் பிரிக்க மனசு வராமல், மிச்ச வருஷமெல்லாம் லக்கேஜ் டிக்கெட் போட்டு கார்டு பெட்டியான பிரேக் வேனில் ஏற்றிக்கொண்டு போன ஒரே ஆசாமி நானாகத்தான் இருப்பேன்.