அடுப்பேறாத சாப்பாடு

என் கணவர் என் சமையலை விட்டுவிட்டு, வேறொருத்தி நறுக்கிக் கொடுத்த வெள்ளரிக்காயைத் தின்ன ஆரம்பித்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியும். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் இன்னொரு பெண்ணோடு போய்விட்டால் தெருவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லும். வெள்ளரிக்காயோடு போனவரைப் பற்றி யாரிடம் போய் அழுவது?

நான் சமையல்காரி. திருவொற்றியூரில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் எட்டு வருஷமாகச் சமைக்கிறேன். நூற்றியெழுபது பிள்ளைகள். சாம்பார் சாதம் போடும் நாளில் இரண்டாம் தடவை தட்டை நீட்டாத பிள்ளை குறைவு. வீட்டிலும் அப்படித்தான். காசிமேட்டில் மத்தி மலிந்து கிடக்கும் நாட்களில் நான் வைக்கும் குழம்பின் வாசனைக்கு மாடி வீட்டுக்காரர்கள் கிண்ணத்தோடு இறங்கி வருவார்கள். எனக்குப் பெரிய படிப்பில்லை, நகை இல்லை, பார்க்க லட்சணம் என்றும் யாரும் சொன்னதில்லை. என் கைக்கு ருசி உண்டு. அது ஒன்றுதான் என்னிடம் இருந்த கர்வம்.

அவர் டிரெய்லர் ஓட்டுகிறார். மணலிப் பக்கம் இருக்கும் கிடங்குகளிலிருந்து கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போக வேண்டும். தூரம் அதிகமில்லை. ஆனால் வரிசையில் நின்று உள்ளே போவதற்கு அரை நாள் ஆகிவிடும், சில சமயம் ஒரு நாள் முழுக்கக் கூட. உட்கார்ந்தே இருந்ததிலும், கண்ட நேரத்தில் புரோட்டா தின்றதிலும் உடம்பு ஊதிப்போய், போன வருஷம் சர்க்கரை ஏறி, வண்டியில் இருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், எடையைக் குறைக்காவிட்டால் பிறகு தன்னிடம் வந்து புலம்ப வேண்டாம் என்று கண்டித்து அனுப்பினார்.

அந்த வாரத்தில்தான் அவர் மாத்தூரில் ஒரு பழக்கடையைக் கண்டுபிடித்தார். டிரெய்லர்கள் காத்து நிற்கும் சாலையோரத்தில் இருந்தது. கடைக்காரம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். எட்டு வருஷமாக அடுப்பில் ஏற்றிய எதையும் வாயில் வைத்ததில்லையாம். பழம், காய், தேங்காய், முளைகட்டிய பயறு, இவ்வளவுதான் சாப்பாடு. டிரைவர்களுக்கு டப்பாவில் நறுக்கிப் போட்டும் கொடுப்பாராம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் இட்லியும் முந்தின நாள் மீன்குழம்பும் வைத்தேன். அவர் தட்டைக் கையால் மெதுவாகத் தள்ளினார்.

"இனிமே எனக்கு ஆக்காதமே. ஆறு மாசம் பச்சையாத்தான் துன்னப்போறேன்."

"இன்னாய்யா, ஆடா மாடா நீ?"

"அக்கா சொல்லுச்சு. ஆறு மாசம் இருந்து பாருங்கனு."

அக்கா என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. அக்கா கொய்யாவைத் தோலோடு தின்னச் சொல்லுச்சு. அக்கா பீட்ரூட்டில் எலுமிச்சை பிழிந்து கொடுத்துச்சு. அக்கா தேங்காயை நல்லா மென்று தின்னச் சொல்லுச்சு. இருபத்திரண்டு வருஷமாக நானும்தான் மென்று தின்னு, மென்று தின்னு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேச்சுக்கு ஒரு நாளும் அவர் பல் அசைந்ததில்லை.

மூன்று மாதத்தில் ஆள் மாறிப்போனார். தொப்பை இறங்கியது. கல்யாணத்தில் பார்த்த தாடை எலும்பு திரும்ப வெளியே வந்தது. காலையில் எழுந்து விசில் அடித்துக்கொண்டே கைலியை உதறிக் கட்டினார். நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அவர் தேறத் தேற எனக்குள் ஏதோ எரிந்தது. என் சோற்றைத் தின்று வியாதிக்காரராக ஆனவர், அவள் காயைத் தின்று மாப்பிள்ளையாக ஆகிவிட்டார் என்று ஊரே பேசுவதாக எனக்குத் தோன்றியது. ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போனவரைப் பார்த்துவிட்டு, என்னோடு வேலை செய்யும் உதவியாளரம்மா, "இன்னாக்கா, தம்பியா?" என்று கேட்டாள். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வெங்காயம் உரித்தேன். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

சும்மா இருக்கவில்லை நான். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே காசிமேடு போய் மத்தி வாங்கி வந்தேன். மிளகாயும் தனியாவும் வறுத்து அம்மியில் அரைத்து, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு, மாங்காய் போட்டு, ஜன்னல் இரண்டையும் சாத்திவிட்டுக் கொதிக்கவிட்டேன். வாசனை வெளியே போகக் கூடாது. வீட்டுக்குள்ளேயே நின்று அவரைச் சுற்ற வேண்டும். அவர் எழுந்து வெள்ளரிக்காய் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். கறுக், கறுக் என்று அவர் கடிப்பது அடுப்படி வரை கேட்டது. அந்தக் குழம்பை நான் தனியாக மூன்று நாள் சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பள்ளி இல்லை. நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ மாறி மாறி மாத்தூருக்குப் போனேன். என்ன கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு.

கடை சின்னது. பப்பாளி, கொய்யா, தர்ப்பூசணி, ஓரத்தில் ஒரு பலகை, கத்தி. கடைக்காரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது அதிகம். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. நான் மனதில் போட்டு வைத்திருந்த பெண் இவள் இல்லை. ஆனால் முகம் துடைத்து வைத்த பித்தளைபோல் இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் வயது விஷயத்தில் கிடைத்த நிம்மதியும் போய்விட்டது.

"வாங்கம்மா. என்ன வேணும்?"

"சும்மா, பாக்க வந்தேன்."

"இதைச் சாப்பிட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா துட்டு தர வேண்டாம்." ஒரு கிண்ணத்தை நீட்டினாள். பீட்ரூட் துருவல், முளைகட்டிய பயறு, தேங்காய், கொத்தமல்லி, எலுமிச்சை. ஒரு வாய் போட்டேன். உப்பு இல்லை. ஆனாலும் அதில் ஒரு குறையும் இல்லை. சமைக்கிறவளுக்கு நாக்கு பொய் சொல்லாது. பயறு சரியான பதத்தில் முளைத்திருந்தது, தேங்காய் அன்றைக்கு உடைத்தது. அவள் கைக்கும் ருசி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"டிரைவருங்கதான் நிறைய வருவாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. திருவொத்தியூர்ல இருந்து ஒரு அண்ணாச்சி தினமும் வருவாவ. மூணு மாசத்துல எப்படி இளைச்சுட்டாவ தெரியுமா? பாவம், வீட்டுல ஆக்கிப் போட ஆளில்ல போல."

நான் கிண்ணத்தைப் பலகைமேல் வைத்தேன். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்புகள் ஏழெட்டு உண்டு. ஆக்கிப் போட ஆளில்லையாம்.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக நான் ஒரு காரியம் செய்தேன். மறுநாளிலிருந்து நானும் அடுப்பில் வைத்ததைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் நானும் அவளைப்போல் ஆகிவிடுவேன், முகம் பளபளக்கும், அப்போது அவர் என்னைப் பார்த்து எப்படி என்று கேட்பார், நான் பதில் சொல்லமாட்டேன். இதுதான் திட்டம்.

முறையாகவும் செய்யவில்லை. காலையில் ஒரு கொய்யா, மதியம் ஒரு கேரட், மாலையில் வெள்ளரி. பயறு, தேங்காய் எல்லாம் அவளுடைய சாப்பாடு என்று பிடிவாதமாக ஒதுக்கிவிட்டேன். பட்டினி என்றுதான் அதற்குப் பெயர். பத்து நாள் தாக்குப்பிடித்தேன். உலை கொதிக்கும் ஆவி முகத்தில் அடிக்கும்போது வயிறு சுருண்டது. பருப்பு வாசனைக்கு வாயில் எச்சில் நிறைந்தது. ஆனால் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்கவில்லை. உப்பு பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். எட்டு வருஷத்துப் பழக்கம், கை அளவு எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

பதினோராம் நாள் சாம்பார் சாதத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். முதல் தடவை போட்டது நினைவில்லை. பரிமாறுவதற்கு முன்னால் வழக்கம்போல் ருசி பார்க்க வந்த தலைமையாசிரியை, ஒரு வாய் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னம்மா இது?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவசரமாக வெறும் சோறு வடித்து அதில் கலந்து சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அரை மணியும் தட்டுகளைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கலந்த பிறகும் சாப்பாடு நன்றாக இல்லை. முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை மூலையில் ஒதுக்கினார்கள். ஒரு சின்னப் பெண் என் எதிரிலேயே, "ஆயாம்மா, இன்னிக்கு நீங்க செய்லியா?" என்று கேட்டாள். செய்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணெதிரே சுவர் சாய்வதுபோல் இருந்தது. அண்டாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உதவியாளரம்மா என் போனில் அவரைக் கூப்பிட்டாள். வண்டியை வரிசையில் கூட இருந்த டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, யாருடைய பைக்கிலோ ஏறி வந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் குடித்து நான் கொஞ்சம் தெளிந்திருந்தேன். வீட்டுக்கு அழைத்துப்போக என் பையை எடுத்தவர், உள்ளே இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தார். பாதி கடித்த கேரட்.

"இன்னாமே இது?"

நான் டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி மூடினேன்.

"நீயும் பச்சையாத் துன்னுகினு கீறியா? எத்தினி நாளா?"

"உனுக்குத்தான் வூட்ல ஆக்கிப்போட ஆளு இல்லியே. அப்றம் நான் ஆக்கினா இன்னா, பட்டினி கெடந்தா இன்னா?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "மாத்தூர் போனியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். கூடத்துப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"மொத நாளு அது கேட்டுச்சு, வூட்ல இன்னா சாப்பாடுனு. ஆக்குறதில்லனு சொல்லிட்டேன். ஆக்குதுனு சொன்னா, இன்னா ஆக்கும்னு கேக்கும். நான் ஒன்னொன்னா சொல்லணும். சொன்னா அன்னிக்கே உன் சோத்துக்கு ஓடியாந்துட்டிருப்பேன்."

"பொய் சொல்லாத."

"அண்ணன் காலை எடுக்கிறப்ப நான்தான் கையெழுத்துப் போட்டேன். உனுக்குத் தெரியும்ல? தட்டுல நீ வைக்கிறப்பலாம் அந்தக் காலுதான்மே நெனப்புல வருது. துன்னவும் முடியல, உன்கிட்ட சொல்லவும் முடியல."

அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரையால் கால் எடுத்தது எனக்குத் தெரியும்தான். அந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் பத்து நாள் சோறு கொண்டுபோனேன். ஆனால் அதை இதோடு சேர்த்து நான் யோசித்ததே இல்லை. அவர் பயந்துபோய் இருந்திருக்கிறார், நான் எரிந்துகொண்டிருந்திருக்கிறேன், ஒரே அறையில். வீட்டில் ஆக்குவதில்லை என்று சொன்னதற்கு அவர் காட்டிய காரணத்தை நான் இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை. பாதி நம்புகிறேன்.

அந்த வாரமே இரண்டு பேருமாக டாக்டரைப் பார்த்தோம். சர்க்கரை இறங்கியிருந்தது. ஆனால் பச்சையாகவே காலம் தள்ள வேண்டாம், ராத்திரி ஒரு வேளையாவது சமைத்த சாப்பாடு வேண்டும், மீன் நல்லது, அளவாகச் சாப்பிடட்டும், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார். மீன் என்ற வார்த்தை வந்ததும் நான் பக்கத்தில் இருந்த அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது காலையும் மதியமும் டப்பா, ராத்திரி என் கைச் சாப்பாடு. என்னையும் அன்றைக்கே திட்டி அனுப்பினார் டாக்டர்.

ஒரு மாதம் கழித்து நான் மறுபடியும் மாத்தூர் போனேன். இந்தத் தடவை யார் என்று சொன்னேன். கடைக்காரம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரியாமச் சொல்லிட்டேன்மா. மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்லக்கா."

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பப்பாளி நறுக்கித் தந்தாள். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி போன வாரம் சொன்னாவ, நீங்க மத்திக் குழம்பு வைப்பீங்களாமே. நாங்க சாளைன்னு சொல்லுவோம். எப்படி வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"நீங்கதான் துன்ன மாட்டீங்களே."

"தின்ன மாட்டேன். சும்மா சொல்லுங்க. கேட்டு நாளாச்சு."

சொன்னேன். மிளகாயை எந்த நிறம் வரை வறுக்க வேண்டும், மாங்காயை எப்போது போட வேண்டும், மீனைப் போட்ட பிறகு ஏன் கரண்டி விடக் கூடாது, எல்லாம். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கலாம். நான் முடிக்கவில்லை. எண்ணெய் பிரிந்து மேலே வந்து மினுங்குவதைச் சொல்லும்போது அவள் எச்சிலை விழுங்குவதைப் பார்த்தேன். அந்தப் பளபளப்பான முகத்தில் பசி தெரிந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் நிறுத்தவில்லை. மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டால் ருசி இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.