கம்பளி சுற்றிய பி.எச். மீட்டர்

மண் ஆய்வுகூடத்தில் எனக்கு அது இரண்டாம் வருடம். திம்புள்ளப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலை நாற்றுமேடை மண்ணைச் சோதிக்க லொறியில் போனேன். பி.எச். மீட்டரைக் கம்பளியால் சுற்றி மடியில் வைத்திருந்தேன். புறப்படும் முன்பே, புளிப்பளவு தெரிந்த பஃபர் திரவத்தில் முக்கி முள்ளைச் சரிசெய்துவிட்டதால், தோட்டத்தில் பஃபர் போத்தலைத் திறக்கவேயில்லை. அவ்வளவு திமிர்!

தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். முள் ஐந்தை ஒட்டி நின்றால் நல்லது. எண் ஏற ஏறப் புளிப்பு குறையும்; சாம்பல் விழுந்த மண்ணில் அப்படி ஏறும். அன்று எந்த மேடை மண்ணை வைத்தாலும் 6.7 காட்டியது.

பக்கத்தில் நின்ற தோட்ட நிர்வாகிக்கு, தொரைக்கு, முகம் சிவந்துவிட்டது.

"கங்காணி! நீ அடுப்புச் சாம்பல் போட்டது! அந்திக்குள்ள எல்லா மேடையும் ஒடைக்கணும். நாளைக்கு நீ கான் வெட்டப் போ!" என்று கத்திவிட்டு ஃபெக்டரிக்குப் போய்விட்டார்.

கான் வெட்டுவது என்றால் மலைச்சரிவில் வடிகால் தோண்டும் கூலி வேலை. நாற்றுமேடைக் கங்காணி முத்தையா என் பக்கம் திரும்பினார்.

"சாமி சத்தியமா ஒரு பிடி சாம்பல் விழலைங்கய்யா. புள்ளைங்களாட்டம் வளத்தேங்க."

"மீட்டர் பொய் சொல்லாதுங்க கங்காணி" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் விறுவிறுவென்று போய், கண்ணூறு படாமலிருக்க நாற்றுமேடை வாசலில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிய்த்து வந்து கோப்பையில் பிழிந்தார்.

"இது புளிக்குமா புளிக்காதான்னு ஒங்க மிசினக் கேளுங்கய்யா!"

முள் 4.2 காட்டியது. எலுமிச்சைச் சாறு இரண்டரையைத் தாண்டாது. அவசரமாகப் போத்தலைத் திறந்து பஃபரில் முக்கினேன். நான்கு காட்ட வேண்டியது 5.9 காட்டியது. முள்ளைச் சரிசெய்யும் குமிழைப் பார்த்தால், அதில் ஒரு கம்பளி நூல்! கம்பளியை நான் உருவியபோது நூல் மாட்டிக் குமிழைத் திருகியிருக்கிறது.

மறுபடி சரிசெய்து மண்ணை வைத்தேன். 4.8. அருமையான தேயிலை மண்!

ஃபெக்டரிக்கு ஓடினேன். "மண்ணுல பிழையில்ல சேர். பிழை என்னோடது."

தொரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ கான் வெட்டு!" என்று உறுமிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். மேடைகளும் தப்பின, முத்தையாவும் தப்பினார்.

அன்றிலிருந்து, மீட்டரை இறக்கி வைத்த இடத்திலேயே முதலில் பஃபரில் முக்கிப் பார்க்காமல் நான் எந்த மண்ணையும் தொட்டதில்லை. ஒரு மனுசனின் பிழைப்பு அந்த முள்ளில் இருக்கிறது.

அடுத்த முறை போனபோது முத்தையா வாசலிலேயே நின்றார், கையில் பழத்தோடு.

"பஃபரக் கொண்டாந்தீங்களாய்யா? இல்ல, இதப் புழியவா?"