மாமனார் வாங்கித் தந்த மிசின்

கடை மேசைமேல் கிடந்த அந்த மிசின் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மரம் அறுக்கும் மிசின். செயின் ஓடுகிற பட்டை மட்டுமே மூன்றடி நீளம். என் மாமனார் அதைத் தன் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டு, "மாப்ளைக்கு இதுதானுங்க" என்றார். இரண்டாயிரமாவது வருஷத்துக்கு ஓரிரு வருஷம் பிந்தி இருக்கும். நான் பேளுக்குறிச்சிக்காரன், கொல்லிமலையில் பெண் எடுத்தவன். கல்யாணத்தில் அவரால் சீர் எதுவும் செய்ய முடியவில்லை, நானும் கேட்கவில்லை. வாடகை மிசினை வைத்து மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களில் மரம் அறுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒன்று இருந்தால் தலை நிமிர்ந்துவிடலாம் என்று நான் வீட்டில் புலம்பியது அவர் காதுக்குப் போயிருக்கிறது. அந்த வருஷத்து மிளகை விற்றதும் என்னைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

எத்தனை இஞ்ச் பட்டை வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். மாமா மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார். அவர் காட்டிலேயே பெரிய பலா மரத்தைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்ட கயிறு. "இந்த நீளம் வேணுங்க. இந்த மரத்தை அறுத்துச்சுன்னா வேற எதையும் அறுத்துப்போடுமுங்க." மலையில் மரம் விலை பேச வரும் வியாபாரிகள் கயிறு சுற்றித்தான் பார்ப்பார்கள், அவருக்குத் தெரிந்த மர அளவு அதுதான். கடைக்காரர் கயிற்றை விரித்தார். அது மேசையைத் தாண்டித் தரையில் விழுந்தது. "பெரியவரே, மரத்தைச் சுத்தி வந்த நீளத்துக்குப் பட்டை கேட்டா நான் எங்க போறது? குறுக்களவு சொல்லுங்க" என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? "மலையில இப்படித்தானுங்க" என்று வேறு சொன்னேன். நான் மலைக்காரன் இல்லை என்று காட்டிக்கொள்ள எனக்கு அப்படி என்ன அவசரமோ. மாமா கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம், "இருக்கறதுலயே பெருசு எதுங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வேண்டியது பதினெட்டு இஞ்ச். சரிவில் நின்று, மிளகுக்கொடி ஏற்றுகிற சில்வர் ஓக் மரம் அறுக்கிறவனுக்கு அதற்கு மேல் எல்லாம் வீண் சுமை. வாய் வரைக்கும் வந்தது. ஒருமுறை அவரைப் பார்த்துச் சிரித்தாயிற்று, இனி அந்த ஆட்கள் முன்னால் அவர் பேச்சை மறுக்கவும் வேண்டுமா என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மண்ணாங்கட்டி மரியாதை.

அந்த மிசினைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஏறியதில் தோள்பட்டை விட்டுப்போனது. சாக்கில் சுற்றி மூலையில் வைத்துவிட்டுப் பழையபடி வாடகை மிசினுக்கே போனேன். மாமா வரும்போதெல்லாம், "மிசின் எப்படிங்க மாப்ளை?" என்பார். "அருமையா ஓடுதுங்க மாமா" என்பேன். அவர் முகம் பூரித்துப்போகும். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் எங்கள் மாப்பிள்ளையிடம் சொந்த மிசின் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தார்.

ஒருநாள் காலையில் வாடகை மிசினைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் போகும்போது, எதிரே நின்ற பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினார். மிசினைப் பார்த்தார்.

"இது நம்முது இல்லீங்களே?"

பொய் வரவில்லை. "அது எனக்குக் கனமுங்க மாமா. வாங்கறப்பவே தெரியும்" என்றேன்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. எனக்கென்னங்க தெரியும்? அதுக்குத்தானே உங்களைக் கூட்டிட்டுப் போனேன்."

திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். எனக்கே மருமகன் வந்துவிட்ட இந்த வயதிலும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் என் தோளிலிருந்த மிசினை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். குடுங்க மாமா, குடுங்க மாமா என்று நான் கெஞ்சிக்கொண்டே போனேன். "மாப்ளை சுமக்கறதுங்களா?" என்றார். அன்றைக்கு எனக்கு வேலை இருந்த காடு வரைக்கும் அவர் சுமந்தார். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன்.