டிரையருக்கு ஒரு மூலை

மேரிசெல்வி துணி காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. மேலுதட்டில் வைத்துப் பார்ப்பாள். கொடியில் தொங்கும் விரிப்பை இழுத்து மூக்குக்குக் கீழே ஒற்றி, "இன்னும் ஈரம் இருக்குது" என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். மரக்காணத்துக் கடற்காற்றில் உப்பு இருக்கும். வெயிலில் மொடமொடவென்று காய்ந்த துணிகூடச் சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று விடுதிகளின் விரிப்புகளும் துண்டுகளும் அவள் கையால்தான் வெளுத்தன. போன ஐப்பசியில் ஒரு மூட்டை பூஞ்சை வாடையோடு போய்ச் சேர, ஒரு விடுதி கைநழுவிற்று. மற்ற இரண்டும் இந்த வருஷம் முன்கூட்டியே எச்சரித்துவிட்டன. மழை பிடித்தால் கணவர் ஆரோக்கியராஜுக்கு உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களில் அடுப்பு எரிவது இவள் சலவையால்.

ஆகவே, இடையஞ்சாவடியில் வீட்டைக் காலி செய்துகொண்டு நாடு திரும்பும் வெள்ளைக்காரம்மா ஒருவர் டிரையரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடினாள். துணியை உள்ளே போட்டு உருட்டி உருட்டிச் சூட்டிலேயே காயவைக்கும் மெஷின். முந்தானையால் அதன் நீள அகலத்தை அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

"ஞாயித்துக்கெழம வண்டில வருது. எங்க வெக்கிறது?" என்று வீட்டுக்குள் நுழைந்ததும் கணவரிடம் கேட்டாள்.

அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டி செய்தாள். அதை அறை அறையாக நகர்த்தினாள். சமையலறையில் வைத்ததும் பக்கத்து வீட்டு ஜரீனா வந்து அதன் மேல் டீ கிளாஸை வைத்தாள், பெட்டி உள்வாங்கியது. கட்டிலின் கால்மாட்டில் வைத்த அன்று விடிகாலையில் ஆரோக்கியராஜ் அதில் முட்டிக்கொண்டார். மாதா படத்துக்குக் கீழே வைத்துப் பார்த்து, "மாதாவுக்கு வேர்க்கும்" என்று தானே எடுத்துவிட்டாள். குளியலறைக்கு எலக்ட்ரீஷியன் சிவப்பிரகாசம் ஒப்பவில்லை. "தண்ணிகிட்ட கரண்ட வெச்சா அது துணிய காயவெக்காதுக்கா. உங்களத்தான் காயவெக்கும்." ஈரச்சூடு வெளியே போகக் குழாய்க்கு ஒரு ஜன்னலும் வேண்டும் என்றான்.

ஜன்னலும் பவர் பிளக்கும் சேர்ந்திருந்த மூலை வீட்டில் ஒன்றே ஒன்று. அங்கே ஆரோக்கியராஜின் பைக் நின்றது. வெளியே விட்டால் உப்புக்காற்று தின்றுவிடும் என்று தினமும் உள்ளே ஏற்றி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விடுவார்.

அந்த மூலையைக் கேட்க மேரிசெல்விக்கு வாய் வரவில்லை. அட்டைப்பெட்டியை பைக்குக்கு இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். வெள்ளிக்கிழமை சீட்டின் மேலேயே ஏற்றிவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

ஆரோக்கியராஜ் வந்து நின்று பார்த்தார். "இங்கதான் வெக்கணும்ன்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"ஒரு வாரமா பொட்டி சொல்லுது."

அவள் கீரையைக் கீழே போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசற்படி இறங்கினார்.

ஞாயிறு மெஷினோடு மழையும் வந்தது. முதல் நடைக்கு உள்ளே துண்டுகள் உருண்டன. ஜன்னல் குழாயிலிருந்து வந்த வெதுவெதுப்புக்கு ஜரீனாவின் ஆடு எங்கிருந்தோ வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றது. "எங்க ஆடு உங்க வூட்டுக்கே குடி வந்துடுச்சு" என்று ஜரீனா மதில்மேல் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

மெஷின் நின்றது. மேரிசெல்வி கதவைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடிக்க, ஒரு துண்டை உருவினாள். சுடச்சுட இருந்தது. வெளியே ஆரோக்கியராஜ் மழையில் நனைந்துகொண்டு பைக்கின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் படியிறங்கி ஓடி, விடுதியின் பெயர் போட்ட அந்த வெள்ளைத் துண்டை அவர் தலைமேல் கவிழ்த்து, அவருடைய இரண்டு காதுகளையும் அதோடு சேர்த்துப் பொத்தினாள்.