ஒரு காலால் ஓடிய தையல் மெஷின்

கல்யாணமாகி நான் நீலசந்திராவில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தபோது அங்கே என் கணவரும் அவருடைய தங்கையும் மட்டும்தான் இருந்தார்கள். நாத்தனாருக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். என்னிடம் அதிகம் பேசமாட்டாள். "சாப்ட்டீங்களா அண்ணி?" என்பாள், அதோடு சரி. நான் வந்தது பிடிக்கவில்லையோ என்று எனக்குள் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

வெள்ளைக்காரக் குடும்பங்கள் கண்டோன்மென்ட் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு கிளம்பிய வருஷங்கள் அவை. அவர்கள் விட்டுப்போன சாமான்கள் கைமாறிக் கைமாறி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்துவிடும். நானும் அவரும் ஓர் அலமாரி தேடிப் போயிருந்தோம். கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று துருவேறி நின்றது. சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன். அசையவே இல்லை.

"ஜாம் ஆயிடுச்சும்மா, பொய் சொல்ல மாட்டேன். இரும்பு வெலைக்கே எடுத்துக்கோங்க" என்றார் கடைக்கார பாய்.

நாத்தனார் ஊசியும் நூலுமாகக் கையாலேயே ரவிக்கை தைப்பவள். "அவளுக்கு வாங்கலாமே" என்றேன்.

"அவளால மிதிக்க முடியாதே" என்ற என் கணவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, கைப்பிடி போட்டுத் தரேன்" என்றார். தொழிற்சாலையில் ஃபிட்டர் அவர். அலமாரியை மறந்துவிட்டு மெஷினோடு ஜட்கா வண்டியில் வீடு திரும்பினோம்.

நாத்தனார் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, உப்புத்தாளால் துருவைத் தேய்த்தேன். ஊசிக்குக் கீழே இருந்த பற்களின் இடுக்கில் பச்சை நூல் சிக்கிக் கிடந்தது. எந்தத் துரைசானி என்ன தைத்தாளோ! நான் திணறுவதைப் பார்த்து அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "குடுங்க அண்ணி" என்று தன் கொண்டை ஊசியை உருவி, நூலை இழை இழையாக வெளியே எடுத்தாள். அன்று சாயங்காலம் சக்கரம் சுற்றியது.

செருப்புத் தைப்பவரிடம் தோல் வார் வாங்கிச் சக்கரங்களில் மாட்டினோம். அடுத்த வாரம் என் கணவர் சந்தையிலிருந்து கைப்பிடியோடு வந்தார்.

"அது வேணாம்ணே" என்றாள் அவள். "ஒரு கையால சுத்திக்கினே இருந்தா துணிய எப்படி ஒழுங்காப் பிடிக்கிறது?"

"அப்புறம் எப்படி மிதிப்பே?"

"இன்னொரு கால் நல்லாத்தானே இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் வலது காலை அன்றுவரை நான் கவனித்ததே இல்லை.

குதிகால் நழுவாமல் இருக்க, மிதிபலகையில் பழைய செருப்பு வாரை ஆணியால் அடித்துக் கொடுத்தார் அவர். இடது காலை வைத்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு பலகை போட்டோம். முதலில் சக்கரம் பின்பக்கமாகவே ஓடியது, நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருவாட்டி தள்ளி விடுங்க அண்ணி, அப்புறம் நான் பாத்துக்கிறேன்" என்றாள். நான் தள்ளிவிட, அவள் மிதித்தாள். அப்படியே பழகிப் பழகி ஒரு நாள் என் கை இல்லாமலே ஓட்டினாள்.

முதலில் எனக்குத்தான் ரவிக்கை தைக்கப் போவதாகச் சொன்னாள். என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகில் நூல் வைத்து அளந்தாள். அவள் விரல்கள் என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை.

"மூச்சப் பிடிச்சுக்காதீங்க அண்ணி. அளவு தப்பாப் போயிடும்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

கைக்குழி கொஞ்சம் இறுக்கம். பிரித்துத் தைக்கிறேன் என்றாள். நான் கொடுக்கவில்லை, அப்படியே போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா தன் மகளுக்குப் பாவாடைத் துணி கொண்டுவந்தார். பிறகு தெருவே வந்தது. மத்தியானங்களில் அவள் மிதிப்பாள், நான் எதிரே உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பேன். மெஷின் சத்தத்தையும் மீறிப் பேசிப் பேசி எங்கள் இருவருக்கும் உரக்கப் பேசுவதே பழக்கமாகிவிட்டது.