ஒரு பொட்டுப் பஞ்சுகூட நனையலீங்க

தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்த காலையில், திருக்கோவிலூரிலேயே முதலில் புத்தி கெட்டவன் நான்தான். மெத்தைக்கடை வைத்திருக்கிறேன். வாசற்படியில் செந்தண்ணீர் ஏறுகிறது. ஒரு மெத்தையை மாடிக்கு ஏற்றத் தோன்றவில்லை. இரண்டு கக்கத்திலும் தலகாணியை இடுக்கிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறி நின்றேன். விழுந்தால் அடிபடக்கூடாது பாருங்கள்.

“அத்த வுட்டுட்டு மேல வாங்க! தண்ணி உங்களுக்காக நின்னுக்கினு இருக்குமா?” மாடியிலிருந்து மனைவி கத்தினாள்.

தண்ணீர் வடிந்தபோது கடைக்குள் முழங்கால் சேறு. மெத்தைகள் செத்த எருமைபோல் கனத்தன. தெருவில் இழுத்துப் போட்டோம். நகராட்சி வண்டி அள்ளிப்போனது. ஆற்றோரத்து நெல்லெல்லாம் மணலுக்கடியில். அணையைத் திறக்கும்முன் சொன்னார்களா இல்லையா என்று டீக்கடையில் கட்சி கட்டிச் சண்டை. டீக்குப் பால் வரவில்லை, சண்டைக்குக் குறைச்சல் இல்லை.

மிச்சத்தில் மேல்துணி காய்ந்ததாகப் பார்த்து முன்னால் அடுக்கினேன். நனைந்த சரக்கு என்று பேர் வந்தால் மெத்தைக்கடைக்கு அதுதான் சாவு.

கள்ளக்குறிச்சியிலிருந்து அதிகாரி சேதம் பார்க்க வந்த நேரம், வெள்ளத்துக்குப் பிறகு முதல் வாடிக்கையாக ஒரு பெண் வாசலில் நின்றாள்.

“சரக்கு ஏதாச்சும் நனைஞ்சுதுங்களா, பாய்?” என்றார் அதிகாரி.

“சேச்சே! ஒரு பொட்டுப் பஞ்சுகூட நனையலீங்க!”

நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. தகப்பன் காலத்துப் பழக்கம். அதிகாரி செல்போனில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

“இன்னாங்க சொன்னீங்க?” என்றது மாடி.

அப்போதுதான் உறைத்தது. நிவாரணம் போச்சு. கைலியைத் தூக்கிக்கட்டி ஜீப்பின் பின்னால் சேற்றில் ஓடினேன். கத்தினால் தெருவுக்குக் கேட்கும், வாடிக்கை போய்விடும். வாயை மூடிக்கொண்டே ஓடினேன். வாயை மூடிக்கொண்டு ஓடுகிறவனுக்கு எந்த ஜீப் நிற்கும்?

மூச்சிரைக்கத் திரும்பினால், அந்தப் பெண் வாசலிலேயே இருந்தாள். ஆற்றோரக் குடிசைக்காரி, கூலிக்குக் களையெடுப்பவள்.

“இன்னாம்மா வேணும்?”

“வாங்க வர்ல, பாய். வூடு பூட்சு. கயினி பூரா மணலு, வேலைக்கு யாரு கூப்புடுவா? காஞ்சதா ஒன்னத் தொட்டுப் பாக்கலாம்னு…”

முன்வரிசைத் தலகாணி ஒன்றை எடுத்து, “எடுத்துக்கினு போம்மா,” என்று கொடுத்தேன்.

மார்போடு சேர்த்து அழுத்தினாள். அடியிலிருந்து செந்தண்ணீர் அவள் புடவையில் இறங்கியது. தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

“இதுவும் நனைஞ்சுதான் கீது பாய்,” என்றாள், யாருக்கும் கேட்காமல்.