ஆபிதா பீவியின் கிடாய் அசை மறந்தது

மேலப்பாளையத்துப் பெண்கள் பீடி இலை வெட்டும் வேகத்தைப் பார்த்தால் கத்தரிக்கே தலைசுற்றும். ஆபிதா பீவி அவர்களிலும் ஒரு படி மேல். தொண்ணூற்றாறாம் வருஷம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. இறந்துபோன வாப்பாவின் பேரில், தன் கையால் வளர்த்த செம்மறிக் கிடாயை ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானி கொடுக்க வேண்டும். எலும்பும் தோலுமான ஆடு குர்பானிக்கு ஆகாது. அவள் வாங்கிய குட்டியோ, பிழிந்து காயப்போட்ட துண்டு மாதிரி இருந்தது.

காய்ந்த கடலைக்கொடியைப் போட்டாள். கிடாய்த் துரை இலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துத் தள்ளினார். விடுவாளா? பீடிக் கத்தரியை எடுத்து, கொடியை விரல்நீளத்துக்கு நறுக்கி, ஊறவைத்த சோளம் ஒரு கை கலந்து வைத்தாள். சட்டி காலி. கொஞ்ச நாளிலேயே கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டியதாயிற்று.

அங்கேதான் பேராசை பிடித்தது. நறுக்கியதற்கே இப்படியென்றால் தூளாக்கினால் எப்படி என்று, கொடியைப் புகையிலைத்தூள் பதத்துக்குக் கொண்டுவந்தாள். சோளத்தையும் அள்ளி அள்ளிப் போட்டாள். பக்கத்து வீட்டிலிருக்கும் மதினி மும்தாஜ் பேகம் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“ஏளா, கிடாய்க்குப் பீடி சுத்திக் குடுக்கப் போறியா? தீப்பெட்டி தரட்டுமா?”

“ஒங்க கண்ணே போதும் மதினி, பத்திக்கிடும்.”

கண் பட்டதோ சோளம் பட்டதோ, கிடாய் சுருண்டது. இடப்பக்க வயிறு உப்பிவிட்டது. தாடை அசையவே இல்லை. அசை போடாத ஆடு, நூலறுந்து நின்ற தறி.

“வாப்பா பேரச் சொல்லி வளத்து, நானே கொன்னுட்டேனே மதினி!”

“அழாதளா. அவுத்து நடக்க விடு. அந்தச் சோளத்த நிறுத்தித் தொலை.”

அவிழ்த்துவிட்ட கிடாய் பைய நடந்து மும்தாஜின் வைக்கோல்படப்பில் போய் முட்டியது. நீளமாக ஒரு வைக்கோல்தாளை உருவியது. பிறகு இன்னொன்று.

“ஏ, அது எம் மாட்டுக்கு வச்சிருக்கது!” என்று மும்தாஜ் கத்தினாள். விரட்டத்தான் இல்லை.

வெயில் சாய்ந்தது. கிடாய் படுத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டையில் ஓர் உருண்டை மேலேறியது. தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கியது. ஆபிதா மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை. அந்த அரைப்பின் தாளத்துக்குள் தெருவின் தறிச்சத்தமும், உதிரும் வேப்பம்பூவும், கால்வாய்த் தண்ணீரும் ஒவ்வொன்றாக மெதுவாகிப்போயின. வெற்றிலை மெல்லும் வாப்பாவின் முகம் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்து, நின்று, கலைந்தது.

தூளில் அசைபோட நாரில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பின் விரல்நீளக் கொடி, நாலு தாள் வைக்கோல், ஒரு கை சோளம். அவ்வளவுதான்.

பெருநாளன்று ஆட்டைப் பிடிக்க வந்த மாமா அசன் மைதீன் அதன் முதுகை அழுத்திப் பார்த்தார்.

“எலும்பே தட்டுப்படலையேளா! என்னத்தப் போட்டே?”

“பைய போட்டேன் மாமா.”

“யார் பேருல?”

“வாப்பா பேருல.”

அழுகை வந்தது. வரும் என்று அவளுக்கு முன்பே தெரியும். வாப்பாவை நினைத்து வரும் என்றுதான் எண்ணியிருந்தாள். கிடாய் அவளைத் திரும்பிப் பார்த்தது, வாயிலிருந்ததை மென்றுகொண்டே.